ஏழடித் தாள் ஓவியத்துக்குப் பிரேம்: ஒட்டுவதா, தொங்கவிடுவதா?

11 ஜூன் 2023

பெரிய தாள் ஓவியத்தை எதன் மேலும் ஒட்டக் கூடாது. இதுதான் என் கட்சி. ஒட்டாமல் இவ்வளவு பெரிய தாள் நிற்காது என்று மூன்று பிரேம் கடைகளில் சொல்லிவிட்டார்கள். நான்காவது கடையில், நான் குழாயிலிருந்து ஓவியத்தை வெளியே எடுக்கும் முன்பே "லேமினேட் பண்ணிடலாம் சார்" என்றார்கள். எடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

ஓவியம் அப்பா வரைந்தது, 1984-ல். திருவாரூர் ஆழித்தேர், முழுக்கக் கரித்துண்டில். அகலம் 58 அங்குலம், உயரம் 84. அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியருக்கு அவ்வளவு அகலமான தாள் அன்றைக்கு எங்கே கிடைக்கும், 30 அங்குலக் காட்ரிட்ஜ் ரோலில் (கனமான வரைதாள்) இரண்டு துண்டு வெட்டி, நடுவில் இரண்டு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டி, ஒரே தாளாக ஆக்கிக்கொண்டார். அந்த இணைப்பு தேரின் கலசத்திலிருந்து அடித்தட்டு வரை நேராக இறங்குகிறது. அலங்கரித்து நிற்கும் தேர் 96 அடி. அதைத் தரையில் மண்டியிட்டு ஏழு அடிக்குள் அவர் கொண்டுவந்ததை, நான் பத்து வயதுப் பையனாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அப்பா 2019-ல் போய்விட்டார். ஓவியம் பரணில் பிவிசி குழாய்க்குள் சுருட்டியபடி கிடந்தது. இந்த அளவுக்குப் பிரேம் போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். நான் செய்வதை எல்லாம் தேதியோடு இங்கே எழுதிவைக்கிறேன்.

12 ஜூன் 2023

ஒட்டினால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கிறார்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

2011-ல் அப்பாவின் வேறொரு ஓவியத்தை, இரண்டுக்கு மூன்று அடி, பென்சிலும் கரியும், ஒரு கடையில் கொடுத்தேன். மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில், ஆசாரிகள் மரவேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைத் தடவி, தாளை மேலே விரித்து, உருளையால் அழுத்தி ஒட்டிக் கொடுத்தார்கள். வாங்கி வந்த அன்று கண்ணாடிபோல் சமமாக இருந்தது. அப்பாவுக்கே பிடித்திருந்தது. இரண்டு மழைக்காலம் தாண்டியதும் வலது ஓரத்தில் அப்பளம் பொரிந்த மாதிரி கொப்புளம் கிளம்பியது. நான்காம் வருடம் பழுப்புப் புள்ளிகள். பிறகு புள்ளிகள் சேர்ந்து திட்டு. அதைப் பிரித்தெடுக்க முடியுமா என்று விசாரித்தபோது, அந்தப் பசை காய்ந்தபின் தண்ணீரில் கரையாது, பலகையைப் பின்னாலிருந்து உளியால் செதுக்கிச் செதுக்கித்தான் தாளை மீட்க வேண்டும் என்றார்கள். அப்படிச் செய்தாலும் திட்டு போகாது. எம்டிஎஃப் பலகை தன் பாட்டுக்கு அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். தாள் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஓவியத்தைச் சுவரிலிருந்து கழற்றி, முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். அவ்வளவுதான். ஆழித்தேரை யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

18 ஜூன் 2023

நேற்று விரித்தோம். கூடத்தில் இருந்த சோபா, டீப்பாய் எல்லாம் மாடிப்படிக்குப் போயின. 39 வருடம் சுருண்டிருந்த தாள், கையை எடுத்தால் பழையபடி சுருண்டுகொள்கிறது. இழுத்துப் பிடித்தால் கிழியும். அதனால் ஒரு பக்கத்திலிருந்து அரை அடி விரிப்பது, இரண்டு ஓரங்களிலும் துவைத்த வேட்டித் துணியை மடித்துப் போட்டு அதன்மேல் புத்தகங்களை வைப்பது, ஒரு மணி நேரம் விடுவது, அடுத்த அரை அடி. கரி பட்ட இடத்தில் எதையும் வைக்கவில்லை. சென்னையின் ஈரக் காற்று இந்த ஒரு வேலைக்கு உதவுகிறது. உலர்ந்த ஊரில் இதற்கென்று ஈரம் ஊட்ட வேண்டியிருக்கும்.

கரி பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. கரி உதிராமல் இருக்க, அப்பா அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து ஓவியத்தின் மேல் வாய்க்குழலால் ஊதுவார். கூடம் முழுக்கப் பாலிஷ் வாசனை அடிக்கும், அம்மா சன்னலைத் திறந்து வைப்பார். அந்த அரக்குப் படலம்தான் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் தேருக்கு அடியில், சக்கரத்தின் நிழலில், கரி மிகக் கனமாக இருக்கும் இடத்தில், வெள்ளைத் துணியைப் பக்கத்தில் ஒரு விரல் தூரத்தில் காட்டி மெல்ல ஊதினாலே கறுப்பு படிகிறது.

நடு இணைப்பில் பசை மஞ்சளாகியிருக்கிறது, அங்கங்கே பச்சை சாயல். மைதாப் பசையில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சியிருக்கிறார். பூச்சி வராமல் இருக்க அந்தக் காலத்தில் பைண்டிங் கடையிலும் போஸ்டர் ஒட்டுகிறவர்களும் எல்லோரும் செய்ததுதான். பூச்சி வரவில்லை, உண்மை. ஆனால் துத்தம் தாளை அரிக்கும்.

2 ஜூலை 2023

தாளின் நார் ஓட்டம் என்றால் என்ன என்று கேட்டவருக்கு. எந்திரத்தில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் தாள் ஓடிய திசையிலேயே படுத்திருக்கும். ஈரம் ஏறினால் ஒவ்வொரு நாரும் நீளத்தில் நீள்வதைவிடக் குறுக்கே அதிகம் பருக்கும். ஆகவே தாள், நாருக்குக் குறுக்கான திசையில்தான் விரியும், சுருங்கும். ரோல் தாள் என்றால் நார் ரோலின் நீளத்தோடு ஓடும். எங்கள் தாளில் நார் மேலிருந்து கீழாக, எனவே அகலம்தான் ஆடும். கையால் செய்த தாளில் இந்தத் திசை பெரிதாக இருக்காது, புதுச்சேரி ஆசிரமத் தாளில் வரைந்திருந்தால் எனக்கு இந்தத் தலைவலி பாதியாகியிருக்கும்.

தெரிந்துகொள்ள வழி சுலபம்: செய்தித்தாளை இரண்டு பக்கமாகவும் கிழித்துப் பாருங்கள். ஒரு பக்கம் நூல் பிடித்ததுபோல் நேராகக் கிழியும். அதுதான் நார்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒட்டக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அகலத்தில் மூச்சு வாங்குகிற தாளை அசையாத பலகையில் ஒட்டினால் அது எங்கே போகும்? மேலே கொப்புளமாகத்தான் எழும்பும்.

9 ஜூலை 2023

கண்ணாடியா அக்ரிலிக்கா.

அதற்கு முன், மவுண்ட் போர்டு, அதாவது ஓவியத்தைச் சுற்றி ஓரமாக வைக்கும் அட்டை. அந்தக் கதை முதல் நாளே முடிந்துவிட்டது. கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 32க்கு 40 அங்குலம். துண்டு சேர்த்தால் சேர்ப்பு தெரியும். அதனால் சுற்றி மவுண்ட் இல்லை. தாள் முழுதாக, நான்கு ஓரமும் தெரிய, ஆழமான பெட்டிப் பிரேமுக்குள் நிற்கும். அப்பா கிழித்த கீழ் ஓரம் கோணலாக இருக்கிறது, அதுவும் தெரியட்டும்.

அக்ரிலிக் எடை குறைவு, உடையாது. ஆனால் எங்கும் சுலபமாகக் கிடைப்பது 8க்கு 4 அடித் தகடு. பிரேம் அளவு 62க்கு 88 அங்குலம், ஒரு பக்கம் 4 அடியைத் தாண்டுகிறது. சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும். வெப்பத்தில் அது கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு விரியும் என்பதால் சட்டத்தின் உள்பள்ளத்தில் சுற்றிலும் இடம் விட வேண்டும். இதெல்லாம் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது ஒன்று: துடைத்தால் அதில் மின்னூட்டம் ஏறும். சீப்பு முடியை இழுப்பதுபோல் அது கரியை இழுக்கும். பயந்துகொண்டே பேசுவானேன் என்று, கரி பூசிய சும்மா ஒரு தாளை வைத்து, ஒரு அங்குல உயரத்தில் அக்ரிலிக் துண்டைப் பிடித்து, உலர்ந்த துணியால் நான்கு தேய்ப்பு. அடிப்பக்கத்தில் கறுப்புப் பொடி பனிபோல் ஏறியிருந்தது. மின்னூட்டம் ஏறாத வகை வெளிநாட்டில் அருங்காட்சியகங்களுக்குச் செய்கிறார்கள். விலை எனக்கு எட்டாது.

ஆகக் கண்ணாடி. 30 கிலோ வரும்.

10 ஜூலை 2023

நேற்று எழுதிய 30 கிலோ தவறு. அது 3.5 மி.மீ. கணக்கு. இந்த அளவுக்கு அவ்வளவு மெல்லிசு கண்ணாடி ஆபத்து என்று கண்ணாடிக் கடைக்காரர் பேச்சையே எடுக்கவிடவில்லை. 5 மி.மீ. டஃபன்ட், அதாவது சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடி, போட வேண்டும். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் 2.5 கிலோ. எங்கள் பரப்பு மூன்றரை சதுர மீட்டர். 44 கிலோ. சட்டம், முதுகுப் பலகை சேர்த்தால் 70 பக்கம் வரும். அதே அளவு அக்ரிலிக் 4 மி.மீ. என்றால் 17 கிலோவுக்குள் முடிந்திருக்கும்.

70 கிலோவை ஆணியில் தொங்கவிட மாட்டேன். சுவரில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தேக்குக் கட்டை ஒன்றை போல்ட்டில் பிடித்து அதன்மேல் பிரேமை உட்கார வைத்து, மேலே இரண்டு இடத்தில் சாயாமல் இருக்க மட்டும் பிடி. எடை முழுக்கக் கட்டை தாங்கும்.

டஃபன்ட் கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது, நினைவிருக்கட்டும். அளவு எடுத்தபின் மூன்று முறை சரிபார்த்துவிட்டுத்தான் ஆர்டர்.

23 ஜூலை 2023

இரண்டு வாரமாக என் கட்சியே எனக்கு ஆட்டம் காண்கிறது. எழுதிவிடுகிறேன்.

உலகத்தில் இதைவிடப் பெரிய தாள் ஓவியங்கள் எப்படி 500 வருடம் தாங்கின என்று படித்துக்கொண்டிருந்தேன். இத்தாலிய ஓவியர் ரஃபேலின் மாதிரி ஓவியங்கள், வாடிகனின் சிஸ்டைன் தேவாலயத் திரைச்சீலைகளை நெய்வதற்காக 1515, 16-ல் வரைந்தவை, ஏழு மிஞ்சியிருக்கின்றன, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில். ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரம், ஐந்து மீட்டருக்குக் கிட்ட அகலம், ஏறக்குறைய 200 தாள்களைச் சேர்த்து ஒட்டிச் செய்தது. அப்பா இரண்டு தாளைச் சேர்த்தார், அங்கே இருநூறு. நெசவுக்காரர்கள் தறிக்கடியில் வைத்துப் பார்க்க அவற்றைப் பட்டை பட்டையாக வெட்டினார்கள். 1690களில்தான் பட்டைகளை மறுபடி சேர்த்தார்கள். எதன் மேல்? கித்தான் துணி மேல், ஒட்டி.

லியோனார்டோவின் பெரிய கரி ஓவியம் ஒன்று லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. கன்னி மரியும் குழந்தையும் புனித ஆனும். எட்டுத் தாள் சேர்த்தது, 141 செ.மீ.க்கு 104. அதுவும் துணியில் ஒட்டியதுதான். 1987 ஜூலையில் ஒருவன் சுடுதுப்பாக்கியால் அதைச் சுட்டான். முன்னால் இருந்த அடுக்குக் கண்ணாடி குண்டை உள்ளே விடவில்லை. ஆனால் அந்த அதிர்ச்சியில் தாள் கிழிந்து, கண்ணாடித் துகள் பதிந்து, சரிசெய்ய ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது.

ஆக, ஒட்டாமல் விட்டிருந்தால் இவை இன்றைக்கு இருந்திருக்காது. ஒட்டக் கூடாது என்று நான் சொன்னது, கடைப் பசையையும் எம்டிஎஃப் பலகையையும் மனதில் வைத்துச் சொன்னது. கரையும் பசை, கூட ஆடும் துணி என்றால் அது வேறு விஷயம். என் பேச்சில் இந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6 ஆகஸ்ட் 2023

துணி என்றதும் காடாத் துணி வாங்கிப் போய்விட வேண்டாம். இன்னொன்று படித்தேன்.

பிரெஞ்சு ஓவியர் மட்டீஸ் 1952-ல் நீஸ் நகரில் தன் சாப்பாட்டு அறைச் சுவர் முழுக்க நீல வண்ணம் பூசிய தாளை வெட்டிக் குத்தி ஒரு நீச்சல் குளம் செய்தார். பின்னால் சுவரை மூடியிருந்தது சாக்குத் துணி. வெள்ளைத் தாள், நீல உருவங்கள், இளம் பழுப்புச் சாக்கு, மூன்றும் சேர்ந்த ஒளிதான் அந்தப் படைப்பு. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்தபின் சாக்கு வருடக்கணக்கில் அமிலமேறிக் கருத்துவிட்டது. நீலமும் சாக்கும் ஒன்றுக்கொன்று முரணாகிப்போயின. 2008-ல் தொடங்கி, ஒவ்வொரு துண்டாகப் பழைய துணியிலிருந்து பிரித்துப் புதுத் துணிக்கு மாற்றி, 2014-ல்தான் மறுபடி காட்சிக்கு வைத்தார்கள். பிரிக்க முடிந்ததால்தான் மாற்ற முடிந்தது.

அதைப் படித்த அன்று இரவு ஒரே நினைப்பு. எனக்குப் பின் யாரோ ஒருவர் இந்தத் தேரை மறுபடி பிரித்தெடுக்கும் நாள் வரும். அவருக்கு உளி தேவைப்படக் கூடாது. ஈரத் துணி போதுமானதாக இருக்க வேண்டும்.

முடிவு செய்துவிட்டேன். முழுக்க ஒட்டப்போவதில்லை. அலுமினியச் சட்டத்தில் இரண்டு ஏசிபி தகடுகளை (நடுவில் பிளாஸ்டிக், இரு பக்கமும் அலுமினியம்) பின்னால் சேர்த்துப் பிடித்த பலகை. அதன்மேல் நான்கு முறை வெந்நீரில் அலசிக் கஞ்சி போக்கிய காடா, இழுத்துக் கட்டியது. அதன்மேல் பருத்திக் கைத்தாள் ஒரு அடுக்கு. அதன் முன்னால் ஓவியம், மேல் ஓரத்தில் மட்டும் தாள் கீல்களில் தொங்கியபடி.

3 செப்டம்பர் 2023

கீல் என்பது கதவுக் கீல் போலவே. ஜப்பானியக் கோசோ தாளில் சிறு துண்டு, பாதி ஓவியத்தின் முதுகில், பாதி பலகையில். கோசோ நார் நீளமானது. மெல்லிசாக இருந்தும் இழுவையைத் தாங்கும். ஒரு விதி: கீல் ஓவியத் தாளைவிடப் பலவீனமாக இருக்க வேண்டும். யாராவது இடித்தால், எங்காவது இழுத்தால், கிழிய வேண்டியது கீல்.

பசைக்கு எங்கெங்கோ தேடினேன். கோதுமை மாப்பசை என்றதும் மைதா என்று நினைத்தேன். இல்லை, மைதாவில் உள்ள பிசின் போன்ற புரதம் இருக்கக் கூடாது, மாவுச்சத்து மட்டும் வேண்டும் என்கிறார்கள். அது எங்கே கிடைக்கும் என்று வெளிநாட்டுக் கடை விலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அம்மா எட்டிப் பார்த்து, "அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுக்கறதுதானேடா இது" என்றார்.

அதேதான். சம்பா கோதுமையை இரவெல்லாம் ஊறவைத்து, அரைத்து, துணியில் பிழிந்தால், ரப்பர் மாதிரிச் சக்கை கையில் நின்றுவிடுகிறது. அந்த வேண்டாத புரதம் அதில்தான். பால் பாத்திரத்தில். மறுநாள் காலை தெளிந்த தண்ணீரை மேலாக வடித்துவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி மறுபடி தெளிய விட்டால், அடியில் மல்லிகைப்பூ நிறத்தில் வண்டல். அல்வாவுக்கு ஒரு முறை வடித்தால் போதும், நான் மூன்று முறை வடித்தேன். ஒரு பங்கு வண்டலுக்கு ஐந்து பங்கு தண்ணீர், மெல்லிய தீ, அரை மணி நேரம் கைவிடாமல் கிண்டல். முதலில் பால், பிறகு கூழ், பிறகு திடீரென்று கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும், கரண்டியிலிருந்து விழும்போது மடிப்பு மடிப்பாக விழும். அந்த இடத்தில் இறக்கி, ஆறவிட்டு, வடிகட்டியில் மூன்று முறை தேய்த்து எடுத்தால் வெண்ணெய். ஈரம் பட்டால் எப்போதும் விட்டுக்கொடுக்கும். மூன்று நாளில் புளித்துவிடும், அளவாகக் காய்ச்சுங்கள். ஜப்பானில் சுருள் ஓவியம் ஏற்றுகிறவர்கள் இதே பசையைச் சாடியில் பத்து வருடம் வரை புளிக்கவைத்து, அந்த மிருதுவான பழைய பசையைத்தான் பயன்படுத்துகிறார்கள். என்ன பொறுமை!

24 செப்டம்பர் 2023

தொங்கவிட்டாயிற்று. மேல் ஓரத்தில் பதினான்கு கீல். என் மனைவி, ஆசாரி அண்ணன், நான், மூன்று பேர். மூச்சைப் பிடித்துக்கொண்டு, தாளுக்கு அடியில் வழவழ பிளாஸ்டிக் தாள் கொடுத்துப் படுக்கை வாட்டில் நகர்த்தி, பலகையோடு சேர்த்து நிமிர்த்தினோம். 39 வருடத்தில் முதல் தடவையாகத் தேர் நின்றது. பரணில் இருந்த ஒன்றைத் தரையில் விரித்துப் பார்ப்பது வேறு. நிமிர்ந்து எதிரே நிற்பது வேறு. ஆசாரி அண்ணன் கைகூப்பிவிட்டார்.

15 அக்டோபர் 2023

மேல் ஓரத்தில் மட்டும் தொங்கவிட்டால் போதும் என்று 6 ஆகஸ்டில் எழுதியது தவறு. இரண்டடித் தாளுக்கு அது போதும். ஏழடிக்குப் போதாது.

மூன்று நாள் மழை. தாளின் அகலம் 4 மி.மீ. கூடியிருக்கிறது, ஜூனில் பென்சில் புள்ளி வைத்து அளந்த அதே இடத்தில். மேல் ஓரம் கீல்களில் மாட்டிக்கொண்டதால் அங்கே விரிய முடியவில்லை, கீழே இஷ்டத்துக்கு விரிந்தது. விளைவு, பாவாடை மடிப்புபோல் மேலிருந்து கீழே அலைகள். நடு இணைப்பு இரண்டு தாள் கனம் என்பதால் விறைப்பாக நிற்க, அதன் இரண்டு பக்கமும் வயிறு தள்ளுகிறது. தேர் கர்ப்பம் தரித்தாற்போல இருக்கிறது என்று மகள் சொன்னாள். சிரித்தோம், ஆனால் மனசு கேட்கவில்லை.

செய்ய வேண்டியது: பக்கவாட்டு ஓரங்களிலும் கீல். சிறு துண்டுகள் வேண்டாம், ஒரு சாண் நீளப் பட்டைகள், பலகை ஓரத்தைத் தாண்டிப் பின்பக்கம் போய் அங்கே நுனியில் மட்டும் ஒட்டியவை. நடுவில் ஒட்டாமல் இருக்கும் நீளம் கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும். பெரிய அளவுத் தாள்களுக்கு அருங்காட்சியகங்களில் கிட்டத்தட்ட இப்படித்தான் செய்கிறார்கள். பக்கத்துக்கு ஒன்பது பட்டை போட்டேன். கீழ் ஓரம் சுதந்திரமாக. அலை முக்கால்வாசி அடங்கிவிட்டது. மிச்சம் கால்வாசி இருக்கட்டும், அது தாள் என்று தெரிய வேண்டாமா.

16 அக்டோபர் 2023

கல்வெட்டு மைப்படிக்கு இதே முறை பொருந்துமா என்று ஒருவர் கேட்டார். பொருந்தும், இன்னும் அவசியம்கூட. மைப்படித் தாளைக் கல்லின் மேல் ஈரமாக விரித்துத் தூரிகையால் அடித்து அடித்து எழுத்துக்குள் இறக்கி, மை ஒற்றி எடுக்கிறோம். கறுப்பில் வெள்ளையாகத் தெரியும் எழுத்து வெறும் நிறம் இல்லை, தாளில் அது குழியாகவே இருக்கிறது. சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் தேய்ந்துபோன எழுத்தைக்கூட அந்தக் குழியை வைத்துப் படிக்க முடியும். அதைப் பலகையில் ஒட்டி உருளையால் தேய்த்தாலோ, சூடான பிரஸ்ஸில் வைத்தாலோ, குழி தட்டையாகிவிடும். எழுத்து போனது போனதுதான். தயவுசெய்து செய்யாதீர்கள்.

12 நவம்பர் 2023

பிரேம் வந்தது, குட்டி யானை வண்டியில், நிமிர்ந்தபடி. படுக்கவைத்துக் கொண்டுவரவே கூடாது, கண்ணாடியின் எடை நடுவில் தொய்ந்து தாளைத் தொட்டுவிடும். முதல் மாடி வளைவில் திரும்பவில்லை. சட்டத்தை நான்காகக் கழற்றி மேலே ஏற்றிக் கூடத்திலேயே பூட்டினோம். இந்த அளவுக்குச் செய்கிறவர்கள் முதலில் மாடிப்படியை அளந்துவிட்டுப் பிறகு ஓவியத்தை அளக்கவும்.

கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் ஒன்றரை அங்குலம் இடைவெளி, சுற்றிலும் உள்கட்டை வைத்து. பழைய கல்யாண போட்டோக்கள் கண்ணாடியோடு ஒட்டிப்போய், எடுக்கப் பார்த்தால் மாப்பிள்ளை முகம் கண்ணாடியில் வந்துவிடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். இடைவெளி இல்லாததுதான் காரணம். பின்பக்கம் சுவரைத் தொடாமல் நான்கு மூலையிலும் ரப்பர் குமிழ், சுவரின் ஈரம் ஏறாமல் காற்று ஓட.

9 டிசம்பர் 2023

மிக்ஜாம் புயல். 4ஆம் தேதி மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், நான்கு நாள் மின்சாரம் இல்லை. நாங்கள் மாடி என்பதால் தப்பித்தோம். கீழ் வீட்டுக்காரர்களும் எங்களோடுதான் இருந்தார்கள், பதினோரு பேர், எல்லோரும் தேருக்கு முன்னால் படுத்துத் தூங்கினார்கள். ஈரமானி 91 சதவீதம் காட்டியது. சன்னலைத் திறந்தால் ஈரம், மூடினால் புழுக்கம்.

கீழ் வீட்டுப் பெரியவருக்கு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தூக்கம் வரவில்லை. வடத்தைப் பிடித்திருக்கும் ஆட்களை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தார். காலையில் என்னிடம், "அறுபத்து மூணு பேர் இருக்காங்க தம்பி, நாயன்மார் கணக்கு" என்றார். இத்தனை வருடத்தில் நான் எண்ணியதில்லை. அம்மாவுக்கும் தெரியாது. அப்பா எங்களிடம் சொன்னதே இல்லை.

தாளில் அலை திரும்ப வந்தது, முன்னைவிட லேசாக. கண்ணாடியின் உள்பக்கம் இரண்டு நாள் மூடுபனி. தாளைத் தொடவில்லை. அந்த ஒன்றரை அங்குலம்!

21 ஜனவரி 2024

அலை தானாகவே அடங்கிவிட்டது. பூஞ்சணம் இல்லை, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஓரம் ஓரமாகப் பார்த்துவிட்டேன்.

ஆனால் பிரேமுக்குக் கீழே தரையில் ராமபாணப் பூச்சி ஒன்று. என் பசை துத்தம் போடாத கோதுமைப் பசை, அதற்கு விருந்து. பின்பக்கத்து இடுக்குகளை அலுமினியப் பட்டையால் அடைத்தேன். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு வசம்பு முதலானவற்றை இடித்துத் துணியில் முடிந்து வைப்பார்கள். அதையும் செய்து பிரேமுக்கு வெளியே, முதுகுப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். உள்ளே வைக்கவில்லை.

19 மே 2024

கத்திரி. கடற்காற்று உள்ளே வராத பகல்கள், ஈரமானி 38. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூடத்தில் யாரோ சொடக்குப் போட்டதுபோல் சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. ஓடிப்போய்ப் பார்த்தேன்.

வலப் பக்கம் மேலிருந்து நான்காவது, ஐந்தாவது பட்டைகள் அறுந்திருந்தன. காரணம் புரிகிறது, நான் அவற்றை ஒட்டியது அக்டோபர் மழையில், தாள் மிக விரிந்திருந்த நாளில். இப்போது அது சுருங்கி உள்ளே இழுக்கிறது. ஈரம் நடுத்தரமாக இருக்கும் நாளில் ஒட்டியிருக்க வேண்டும், ஜூலை மாதிரி. செய்யப்போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், இந்த இழையிலேயே முக்கியமான வரி இதுதான்.

முதுகைத் திறந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அறுந்தது கோசோ. ஒட்டிய இடத்தில் அல்ல, நடுவில், பஞ்சு பஞ்சாக நார் பிரிந்து. அப்பாவின் தாளில், ஒட்டியிருந்த அந்த விரல் அகல இடத்தில், ஒரு கீறல் இல்லை. அறுந்த நுனியில் ஈரப் பஞ்சை வைத்துப் பத்து நிமிடம் கழித்து மெல்ல இழுத்தேன், வாழைநார் மாதிரி கையோடு வந்துவிட்டது.

ஜூலை வரட்டும் என்று பதினெட்டுப் பட்டைகளையும் இப்போதே தளர்த்திவிட்டேன். அம்மாவிடம் கோதுமை ஊறப்போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பசைக்கு ஒரு ஆழாக்கு போதும். இந்தத் தடவை ஒரு படி போடுகிறேன், மீதிக்கு நெய் வாங்கி வா என்கிறார்.